சேர்க்காத மஞ்சள்

“மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுன்னு சொல்றாங்க சார். நான் மாட்டேன்,” என்றபடிதான் அந்த இளம் விஞ்ஞானி உள்ளே வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

தடயவியல் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்தத் துப்பறிவாளரை எல்லோரும் தடயக்காரர் என்பார்கள். கூடவே அலையும் அவருடைய மச்சான் அதற்குள் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

மரத்தை மட்க வைக்கும் ஒரு பூஞ்சையின் நொதியை அவள் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே மூலம் அதன் அமைப்பைக் கண்டறிந்திருந்தாள். நொதியின் மடியில் ஃப்ளேவின் என்ற மஞ்சள் நிறச் சிறு மூலக்கூறு உட்கார்ந்திருந்தது. அது துணை நின்றால்தான் நொதி வேலை செய்யும். துறையின் மூத்தவரோ, அந்த நொதிக்குத் துணையே வேண்டாம் என்று பல வருடமாகச் சாதித்து வருபவர். அவள் காட்டியது பொய்யான முடிவு என்று புகார் எழுந்தது. விசாரணைக் குழு குளிர் அறையில் அவள் படிகம் வளர்த்த தட்டைச் சோதித்தது. அதில் வெறும் உப்புப் படிகம்.

“‘நீ ஃப்ளேவினைச் சேர்க்கவே இல்லையே, அது எங்கேருந்து குதிச்சுது?’ன்னு வேற கேக்கறாங்க. நொதியை பாக்டீரியாவுக்குள்ள வளர்த்தேன். அதுங்ககிட்ட இருந்தே நொதி அதைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கு. சொன்னா யார் காதுல வாங்கறா?”

“உங்க படிகம் பாக்க எப்படி இருந்துச்சு?”

“மஞ்சளா, துடைப்பம் விரிஞ்ச மாதிரி ஊசி ஊசியா. ஒரு ஊசியைப் பிரிச்செடுத்துத்தான் எக்ஸ்ரேயில வெச்சேன்.”

“அதை அறிக்கையில எழுதினீங்களா?”

“இல்ல. மூலக்கூறோட படம் மட்டும்தான் போட்டேன். படிகத்தை யாருக்கும் காட்டவும் இல்ல, அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லவும் இல்ல.”

மறுநாள் ஆய்வகத்தில் இயக்குநரும், மூத்தவரும், குளிர் அறைப் பொறுப்பாளரும் காத்திருந்தார்கள். தடயக்காரர் நுண்ணோக்கியில் குனிந்து, தட்டில் இருந்த படிகத்தை ஊசியால் அழுத்தினார். ‘டிக்’ என்றது.

“நொதிப் படிகம்னா மெத்துன்னு நசுங்கும். இது உப்பேதான். மஞ்சளும் இல்ல.”

“நாங்களும் அதைத்தானே சொல்றோம்?” என்றார் இயக்குநர்.

“குளிர் அறைச் சாவி இவர்கிட்டதான் மாமா இருக்கு,” என்று மச்சான் பொறுப்பாளரைக் காட்டிக் கிசுகிசுத்தார்.

பொறுப்பாளருக்குச் சுருக்கென்றது. “எங்கிட்ட மட்டுமா? இவர்கிட்டயும்தான் ஒண்ணு இருக்கு,” என்று மூத்தவரைக் காட்டினார்.

“இருக்கட்டுமே. குழு வந்து திறக்கறவரைக்கும் இந்தத் தட்டை நான் பாத்ததே இல்ல,” என்றார் மூத்தவர்.

தடயக்காரர் நிதானமாகத் திரும்பினார். “ஒருவேளை இந்தப் பொண்ணு சொல்றது நெஜம்னா, உங்க இத்தனை வருஷ வேலை தண்ணியில எழுதினதுதானே சார்?”

மூத்தவரின் முகம் சிவந்தது. “துடைப்பம் மாதிரி விரிஞ்ச நாலு ஊசியை வெச்சுக்கிட்டு என் வேலையைத் தப்புங்கறதா? நேத்து முளைச்ச பொண்ணு!”

தடயக்காரர் தட்டைச் சுட்டிக்காட்டினார்.

“தட்டுல கட்டம் கட்டமா உப்பு இருக்கு. அறிக்கையில படிகமே இல்ல. அப்போ துடைப்பத்தை எங்க பாத்தீங்க? அந்தப் படிகம் இருந்த தட்டைத் திறந்தவருக்குத்தான் அது தெரியும். எடுத்துட்டு, உப்பை வெச்சதும் அவர்தான்.”

மூத்தவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “ஒரு தடவைதான் பாத்தேன்,” என்றார் கடைசியில். “பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நான் தோத்துட்டேன்னு.”

இயக்குநர் கைகளைப் பிசைந்தார். “சரிம்மா, ஆனது ஆச்சு. விஷயம் இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும். புகாரை எடுத்துடறேன்.”

“என்னைக் கூடத்துல நிக்க வெச்சு, எல்லார் முன்னாடியும்தானே ஏமாத்துக்காரின்னீங்க?” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “அதே எல்லாரையும் கூப்பிடுங்க. அங்க வந்து சொல்லுங்க. ஃப்ரீசர்ல மீதி நொதி இருக்கு. அவங்க கண்ணு முன்னாடியே மறுபடி வளர்க்கறேன்.”

இயக்குநர் தடயக்காரரைப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான்தான் மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்து, இயக்குநரின் கையில் கொடுத்தார்.