ஃபேன் மேல் போட்ட பழி

பொத்தானை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது, திரை விழித்துக்கொண்டது, சத்தம் மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக் நம்பாமல் மண்டி போட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துப் பார்த்தான். உள்ளே விரித்த கையை விட அகலமான மூன்று ஃபேன்கள், ஆணிக்குப் பதில் ரப்பர் முளைகளில் தொங்கியபடி, ஓய்வு பெற்றவர்கள் மாலையில் நடப்பதுபோல அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மெக்கானிக் எழுந்து பல்லைக் காட்டினான். பிறகு திரையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"அண்ணே, ரூமே முப்பத்திரண்டு டிகிரி இருக்கு. உள்ள இருபத்தாறுன்னு காட்டுது."

"நல்லா குளிருதுன்னு சந்தோஷப்படேன்."

"இல்லண்ணே. ஃபேன் என்ன, ரூம்ல இருக்கிற காத்தைத்தானே எடுத்து ஊதுது? அந்தக் காத்தை விட எப்படிக் குளிரும்? ஏசி கூடப் போடல நீங்க."

"சென்சார் கோளாறா இருக்கும். விடுப்பா."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று கருவிகளைப் பையில் அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான். மூலையில் பழைய கம்ப்யூட்டர், பக்கத் தகடு கழன்று, வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. வீட்டுக்காரன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் விளம்பரங்களுக்கு இசை அமைப்பவன். அரை நிமிஷ இசை; சோப்புக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று. வீட்டின் பின்னறையை ஸ்டூடியோவாக மாற்றி, சுவருக்குள் சுவர் எழுப்பி, இரண்டு ஆள் சேர்ந்து தள்ள வேண்டிய கனத்தில் ஒரு கதவும் மாட்டினான். ஆனால் அந்தக் கதவை அவனால் மூடவே முடிந்ததில்லை. பழைய கம்ப்யூட்டர் அப்படிச் சுடும். பத்து நிமிஷம் கதவைச் சாத்தினால் அறை அடுப்பாகிவிடும். ஆகவே கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அடுத்த அறையில் அவனுடைய அம்மா படுத்திருப்பாள், இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருஷமாக.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. மருந்துக் குப்பி கட்டிலுக்கடியில் உருண்டு போயிருந்தது. வேலை முடிந்து மாலை வீட்டுக்கு வந்த அவன் மனைவிதான் முதலில் பார்த்தாள். கட்டிலிலிருந்து பாதி உடம்பு கீழே தொங்க, ஒரு கை தரையில் நீண்டிருந்தது. அடுத்த அறையில் அவன் சோப்புக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கதவு திறந்துதானேடா இருந்துச்சு?" என்றாள் அக்கா, பிணம் எடுப்பதற்கு முன்பே.

"ஃபேன் சத்தம்க்கா. அந்தச் சனியன் போடுற சத்தத்துல எதிர்ல நின்னு கத்தினாலும் கேக்காது."

எல்லோரிடமும் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே நாக்கில் பழகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் எட்டிப் பார்த்து அந்தப் பெட்டியை முறைத்துவிட்டுப் போனார்கள். புது கம்ப்யூட்டர் வாங்கியதும் குற்றவாளியை வீட்டை விட்டுத் துரத்துவது போலத்தான். அக்கா மட்டும் அசையவில்லை. நான்கு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. போன வாரம் தானே போன் செய்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "நீ நாள் முழுக்க மைக்கைத் திறந்து வச்சு ரெக்கார்டு பண்றவன்தானே, அன்னைக்கு உள்ளதை நான் கேக்கணும்."

அது உண்மைதான். எந்த நேரத்தில் எந்த மெட்டு வாயில் வருமோ என்று காலையில் மைக்கைத் திறந்தால் இரவுதான் மூடுவான். அவனுக்கு அம்மாவுக்கு அடுத்தபடி அக்காதான். அவளும் போய்விட்டால் அவனை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் ஆளில்லை. வரச் சொல்லிவிட்டான்.

"உங்க அக்கா நாலு மணிக்கு வந்துருவாங்க," என்று மெக்கானிக் போனதும் மனைவி அறை வாசலிலிருந்து சொன்னாள். "எடுத்து வச்சாச்சா?"

"இதோ, வச்சுட்டே இருக்கேன்."

அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் எழுந்து கனத்த கதவைத் தோள் கொடுத்து அங்குலம் அங்குலமாகத் தள்ளி மூடினான். முதல் தடவையாக முழுவதும் மூடினான்.

எடுத்து வைப்பது என்றால் என்ன என்று அவனுக்குத்தான் தெரியும். பழைய கம்ப்யூட்டரைப் பிரிப்பதற்கு முன்பு, அதன் ஃபேனுக்குப் பக்கத்திலேயே மைக்கை வைத்து ஒரு மணி நேர இரைச்சலைத் தனியாகப் பதிந்து வைத்திருந்தான். அதை அன்றைய ஒலிப்பதிவுக்கு அடியில் விரித்து, மெல்ல மெல்ல ஏற்றி, அம்மாவின் குரல் மேலே வராத அளவில் நிறுத்திவிட்டால் போதும். அவன் கைக்கு அது கால் மணி நேர வேலை. அக்கா கேட்பாள், அழுவாள், நம்புவாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

எங்கே மறைக்க வேண்டும் என்று தெரிய, முதலில் கேட்டாக வேண்டும்.

புது கம்ப்யூட்டரின் அமைதியில் அந்த மத்தியானம் அப்படியே வந்து காதில் இறங்கியது. நாற்காலியின் கிறீச், தெருவில் போன வண்டி, தன் முணுமுணுப்பு, அவற்றுக்கெல்லாம் அடியில் பழைய ஃபேன். அதை இத்தனை நாள் விமான இரைச்சல் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். பதிவில் அது ஒரு சோம்பல் முனகலாக இருந்தது. யாருடைய குரலையும் மறைக்கிற தெம்பு அதற்கில்லை.

"தம்பி..."

தெளிவாக, பக்கத்து அறையில்.

"தம்பி, கொஞ்சம் வாயேன்."

பிறகு அவனுடைய குரல், சலிப்போடு. "வரேம்மா. அஞ்சு நிமிஷம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தெரியும். இந்த நான்கு மாதத்தில் தெரியாத நாள் ஒன்றுகூட இல்லை. அடுத்து கட்டில் கம்பியில் கரண்டி தட்டும் ஓசை. டங். டங். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இழுத்து இழுத்து விடும் மூச்சு. அவன் அன்று ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக்கொண்ட இடமும் வந்தது, வெளியே கசிந்த மெட்டாக. நாற்பது நிமிஷம் அந்தத் தட்டல் நடந்தது. அவன் இப்போது ஓட்டிவிடாமல் கேட்டான், ஏனென்று தெரியாமலே. தட்டல் தளர்ந்தது, இடைவெளி நீண்டது, நின்றது. நின்றபின் அவனுடைய சீட்டி மட்டும், சோப்பு மெட்டில்.

குளிர்ந்தது. விரல் நுனிகள் மரத்திருந்தன. திரையின் மூலையில் பதினாறு என்று காட்டியது.

காதில் ஏதோ சரிந்தது. துணி தரையில் விழும் சத்தம். பிறகு இழுபடும் சத்தம். உள்ளங்கை ஒன்று தரையில் அறைந்து ஊன்றுகிறது, பின்னால் ஒரு கனம் இழுபட்டு வருகிறது. அறைகிறது. இழுபடுகிறது. இது அன்று நடக்கவில்லை. அம்மா கட்டிலைத் தாண்டவேயில்லை, மனைவி பார்த்தாளே.

பதிவை நிறுத்தினான். திரையில் ஓடிய ஒலிக்கோடு நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

திரையில் கீழே இன்னொரு கோடு, சிவப்பாக, தானாக வளர்ந்துகொண்டிருந்தது. மைக் திறந்திருந்தது. இது இன்றைய பதிவு. இந்த அறை. ஒவ்வொரு அறைதலுக்கும் ஒரு முள் எழும்பியது. ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு மேடு. மேடு பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினான். அறைக்குள் நிசப்தம். திரும்பக் காதில் விட்டான். அறைதல். இழுவை. நாற்காலிக்குப் பின்னால்.

மருந்து வாடை. நாள்பட்ட போர்வையின் வாடை.

பதினொன்று.

கதவில் பதித்திருந்த சிறு கண்ணாடி வழியாகக் கூடம் தெரிந்தது. அக்கா வந்துவிட்டாள். நனைந்த குடையை மனைவியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதத்தில் முகம் வற்றிப் போயிருந்தது.

"அக்கா!"

இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"அக்கா! நான் கேட்டேன்க்கா! எனக்குக் கேட்டுச்சு! வாக்கா, கதவைத் திற!"

தொண்டை கிழியக் கத்தினான். சுவருக்குள் சுவர். மனைவி மூடியிருந்த கதவைக் கை காட்டி, இன்னும் வேலையாக இருக்கிறார் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். அக்கா சோபாவில் உட்கார்ந்தாள். காத்திருக்கலானாள்.

எழ முயன்றான். முழங்காலை எதுவோ பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. தொடை. இடுப்பு. தோள்.

ஹெட்போனுக்குள் மூச்சு. இழுத்து, இழுத்து.

"வேலை முடிஞ்சுதா, தம்பி?"

ஹெட்போனைப் பிடுங்கக் கையை உயர்த்தினான். அங்கே ஏற்கெனவே இரண்டு கைகள் இருந்தன, எலும்பும் தோலுமாக, சில்லென்று. காதுகளோடு சேர்த்து அவை ஹெட்போனை அழுத்திப் பிடித்தன. அழுத்தம் கூடிக்கொண்டே போனது.