பெயரில்லாத வட்டம்

2024 ஜூலை 25, வியாழக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய மழை மாலையாகியும் ஓயவில்லை; தாராவியின் தகரக் கூரைகள் யாவும் ஒரே பறைபோல் அதிர்ந்துகொண்டிருந்தன.

ரீனா மடிக்கணினியில் மகள் அனிஷாவின் பிறந்தநாளுக்கு ஃபிராக் தேடிக்கொண்டிருந்தாள். கணவன் ஜெனிஷ் காலையில் நிறுவிச் சென்ற புதிய உலாவி அது. ஒரே பக்கத்தைப் பார்ப்பவர்களின் முகங்கள் திரையோரத்தில் சிறு வட்டங்களாக ஒளிரும். அவர்கள் அங்கேயே எழுதிப் பேசிக்கொள்ளலாம். சந்து முழுவதற்கும் ரீனா வீட்டு வைஃபை ஒன்றுதான். ஆகையால், "இந்த இணைப்பில் உள்ளவர்கள் உங்கள் வீட்டாரா?" என்று உலாவி வினவியபோது, இந்தச் சந்தில் அந்நியர் எவர் என்றெண்ணி, 'ஆம்' என்பதை அழுத்தியிருந்தாள்.

"மஞ்ச எடுக்கா, பாப்பா மாம்பழம் கணக்கா இருப்பா" என்று எழுதினாள் எதிர்வீட்டு மாரிசெல்வி.

அதன் கீழே, முகமும் பெயரும் அற்ற ஒரு வட்டம் எழுதியது: "அவளுக்கு நீலம்தான் பிடிக்கும். இப்போ போத்தியிருக்கதும் நீலம்தானே."

ரீனா திரும்பினாள். பின்சுவரோரம் பாயில், நீலப் போர்வைக்குள் அனிஷா உறங்கிக்கொண்டிருந்தாள். கதவு தாழிட்டிருந்தது, சன்னலைத் தார்ப்பாய் மூடியிருந்தது. அப்போது, வாடகைக்கு ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் மேலறையின் பலகைத் தளம், ஊறிய மரத்தின் வாடையைக் கசியவிட்டபடி, ஒருமுறை மெல்ல முனகியது.

வாஷியில் வேலையிலிருந்த ஜெனிஷை அழைத்தாள்.

"என்னங்க, மேல யாரோ இருக்காவ. நம்ம பிள்ளையப் பாக்காவ."

"ஏட்டி, பாகலா நீ, கிறுக்கா புடிச்சிருக்கு? பூட்டுனது நான், சாவி என் பாக்கெட்ல. சந்துல எவனோ மஸ்தி பண்ணி வெளையாடுதான். வைஃபை டப்பாவ ஆஃப் பண்ணு, எல்லாம் அடங்கிரும்."

"வெரசா வாங்க."

"டிரெயினே ஓடல, ரீனா. டிராக்ல தண்ணி."

டப்பாவை அணைத்தாள். முகங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன.

"ரீனாக்கா, நெட்டு போச்சு!" வெளியே மாரிசெல்வி கூவினாள். "சீரியல்ல இப்பதாம் மருமவ மாமியார அறையப் போறா, போடுக்கா!"

ரீனாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திரையைப் பார்த்தாள்.

ஒரு வட்டம் மட்டும் அவியவில்லை.

எழுதினாள்: "யார் நீ?"

"வீட்டாள். ஆம்னு நீதானே சொன்னே."

தலைக்கு மேல் பலகை முனகியது. அடுத்த பலகை. அதற்கும் அடுத்தது. அனிஷாவை நோக்கி.

வட்டத்துக்குள் ஒரு படம் தெளிந்தது. மேலிருந்து தெரியும் அறை. ரீனாவின் தலைவகிடு. அவளுக்குப் பின்னால் நீலப் போர்வை. அதன்மேல் ஒரு கை இறங்கியது. மெலிந்த கை. முழங்கை தாண்டியும் முடியாமல் நீண்டுகொண்டே வந்த கை. அது போர்வையின் ஓரங்களைப் பொறுமையாக மடித்தது. சுற்றியது.

முதுகுக்குப் பின்னால் துணி சரசரத்தது.

"அனிஷா!"

பாய்ந்து திரும்பினாள்.

பாய் வெறுமை. தலையணையில் குழி. மேலே, விரல்கூட நுழையாத பலகை இடுக்கினுள், நீலப் போர்வையின் கடைசி முனை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

மாலை மணி 6.42.