எதிரொலி இல்லாத குரல்

அந்தக் குரலில் எதிரொலி இல்லை. ஒலிப்பதிவாளருக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பதிவை மறுபடி ஓடவிட்டாள். முதலில் கோடரி. ஈர மரத்தில் இரும்பு இறங்கும் சத்தம், அதன் பின்னாலேயே அது மலைச்சரிவில் மோதித் திரும்பி வரும் முனகல். அடுத்து எங்கோ ஒரு நாய். அதன் குரைப்பும் மரங்களுக்கு நடுவே சிதறித்தான் வந்தது. இவை எல்லாம் ஒரே பறவையின் தொண்டையிலிருந்து வந்தவை என்பதை, இத்தனை நாள் பழகிய பின்பும் அவளால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கோழியைவிடக் கொஞ்சம் பெரிது, மண் நிறம், எதிரே வந்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அது ஓசையை மட்டும் பிடிப்பதில்லை. ஓசை பிறந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தில் கேட்டதைப் பள்ளத்தோடு திருப்பிச் சொல்லும்.

பிறகு அந்தப் பெண்குரல்.

"யாராவது இருக்கீங்களா? கதவத் திறங்க."

கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல். அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. இலை இல்லை, காற்று இல்லை, சுவரில் பட்டுத் திரும்பும் சிறு அதிர்வுகூட இல்லை. தலையணையில் முகம் புதைத்துப் பேசியதைப் போல.

"டாக்டர், இது காட்டுல கேட்ட குரல் மாதிரி இல்ல" என்றாள்.

டாக்டர் பயணப் பெட்டியை மூடுவதற்காக அதன்மேல் கிட்டத்தட்ட உட்கார்ந்திருந்தார். பெயருக்குத்தான் டாக்டர், யாருக்கும் ஊசி போட்டதில்லை. வாழ்நாள் முழுவதும் பறவைகளின் பாட்டைக் கேட்டவர். நீண்ட விடுமுறை தொடங்குகிறது. அவர் அதை வெளிநாட்டு மாநாட்டில் இந்தக் கண்டுபிடிப்பைச் சொல்வதற்குச் செலவழிக்கப் போகிறார்.

"இதப் பிடிச்ச காட்டுல மனுஷ நடமாட்டம் நின்னு எத்தனையோ தலைமுறை ஆச்சும்மா. கோடரிய இந்தப் பறவை கண்ணால பார்த்திருக்காது. அப்பன்கிட்ட இருந்து பிள்ளை, பிள்ளைகிட்ட இருந்து பேரன்னு கத்துக்கிட்டே வந்திருக்கு. மனுஷன் மறந்துட்டான், இதுங்க மறக்கல. யோசிச்சுப் பாருங்க!"

"அப்ப அந்தப் பொண்ணு?"

"யாரோ ஒருத்தி. குடிசைக்குள்ள இருந்து கூப்பிட்டிருப்பா."

"குடிசைக்குள்ள கூப்பிட்டாலும் எதிரொலி இருக்கும் டாக்டர்."

"லீவு முடிஞ்சு வந்து சண்டை போடலாம். இப்ப விமானத்த விட்டா என்னையும் யாராவது கதவத் திறந்துதான் காப்பாத்தணும்." சிரித்துக்கொண்டே பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் மதியமே கிளம்பிவிட்டிருந்தார்கள். பறவைக்கு இரை, தண்ணீர் எல்லாம் தானாகக் கொட்டும் பெட்டியில் நிரப்பியாகிவிட்டது. விடுமுறை முடியும்வரை யாரும் இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு வேலை பாக்கி. பறவையின் அறையில் தொங்கும் மைக்கின் பஞ்சு உறை கிழிந்திருந்தது. அதை மாற்ற வேண்டும். அதன் பிறகு நேராக நீச்சல் குளத்துக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வீடு. கணவன் ஊரில் இல்லை. குட்டி ஈரத் தலையோடு வாசலில் நிற்பாள், கொஞ்சம் தாமதித்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

செல்போனை மேசையில் வைத்தாள். அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு தடவை அடித்தால் போதும், பறவை அதையும் கற்றுக்கொண்டு உயிரை வாங்கும். எதையும் நகலெடுப்பதால் எல்லோரும் அதற்கு வைத்த பெயர் ஜெராக்ஸ்.

வெளிக்கதவு, நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி, பிறகு உள்கதவு. இரண்டும் குளிர்பதனக் கிடங்கின் கதவுபோலத் தடித்தவை. உள்ளே சுவர், கூரை எல்லாம் ஓசையை உறிஞ்சும் கூரான பஞ்சுப் பட்டைகள். ஜன்னல் கிடையாது. எச்சமும் ஈர மரத்தூளும் சூடான ரப்பரும் கலந்த வாடை. கதவு மூடியதும் காதை யாரோ உள்ளங்கையால் பொத்திவிட்டதுபோல் ஓர் அமைதி இறங்கும். சற்று நேரம் நின்றால் சொந்த ரத்தம் ஓடுவதே கேட்கும். பறவை கிளையில் உட்கார்ந்து அவளை ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

"என்னடா ஜெராக்ஸ், லீவுக்கு நீ மட்டும்தான் ஆபீஸா?"

உறையை மாற்றிவிட்டுக் கதவின் கைப்பிடியைத் திருப்பினாள். அது சுற்றியது. இன்னும் சுற்றியது. தடை எதுவும் இல்லாமல், உடைந்த பொம்மையின் கை மாதிரி.

தோளால் தள்ளினாள். கதவு அசையவில்லை. கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், கீழே உட்கார்ந்து அதன் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தாள். அப்போதும் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மைக் இருக்கிறது, அது பிடிப்பதெல்லாம் வெளி அறை ஸ்பீக்கரில் கேட்கும். வெளி அறையில் பேசுவது இங்கே கூரையோரத்துச் சின்ன ஸ்பீக்கரில் வரும். டாக்டர் அதை அணைக்க மறந்திருந்தார், அதன் மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. காவலாளி விளக்கணைக்கக் கட்டாயம் வருவார்.

"அண்ணா! உள்ள மாட்டிக்கிட்டேன்! கதவத் திறங்க!"

மைக்கின் அருகே போய்க் கத்தினாள். கத்தியது வாயைவிட்டு வெளியே வந்ததும் செத்து விழுந்தது. பஞ்சு அதைத் தின்றுவிட்டது.

நேரம் போனது. விளக்கின் வெளிச்சம் மாறவே இல்லாததால் வெளியே வெயில் இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்று தெரியவில்லை. தொண்டை வறண்டது. இடையிடையே பறவை கோடரியை ஓங்கியது. அந்தப் பஞ்சு அறைக்குள் திடீரென்று ஒரு மலைச்சரிவு விரிந்து மூடிக்கொண்டது.

ஸ்பீக்கரில் அவளுடைய போன் அடித்தது.

மேசைமேல் அது அதிர்ந்து நகரும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. குட்டிதான். நீச்சல் சொல்லித் தருபவளின் போனை வாங்கி அடிக்கிறாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். அந்த அடியும் மெத்தையில் குத்தியதுபோல் மந்தமாகவே விழுந்தது. "யாராவது இருக்கீங்களா? கதவத் திறங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

கிளையிலிருந்து அதே வார்த்தைகள் வந்தன. அதே கரகரப்பில். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பறவையின் கழுத்து இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அவள் பேசாமல் இருந்தாள். அது பேசியது. அவள் மெதுவாக "கதவத் திறங்க" என்றாள். அதுவும் சொன்னது. தொழிலே காதை நம்பி நடப்பது. எத்தனையோ குரல்களைக் கூட்டத்தில் பிரித்து எடுத்தவள். இந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை. பதிவில் அந்தக் குரலைச் சுற்றி இருந்த வெறுமை இந்தப் பஞ்சு அறையின் வெறுமைதான்.

அப்போது ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம். ஓர் இருமல். சாவிக்கொத்து.

காவலாளி.

"அண்ணா! நான்தான் அண்ணா! உள்ள..."

"யாராவது இருக்கீங்களா?" பறவை அவள் பேச்சின்மேல் ஏறிக் கத்தியது. "கதவத் திறங்க!"

"அண்ணா, அது இல்ல, நான்..."

"கதவத் திறங்க! கதவத் திறங்க!"

வெளியே காவலாளி சிரித்தார். "போதும்டா ராசா. ஒரு தடவ உன்ன நம்பி ஓடி வந்து கதவ உடைக்கப் பார்த்து, மொத்த ஆபீஸும் என்னப் பார்த்துச் சிரிச்சது போதும். இன்னிக்கு என்ன, ரெண்டு தொண்டையில கத்தற?"

அவள் பறவையை நோக்கிப் பாய்ந்தாள். வாயைப் பொத்தினால் போதும். கழுத்தை நெரித்தாலும் சரி. அது எகிறிக் கூரையோரக் கம்பியில் போய் உட்கார்ந்துகொண்டு இன்னும் உரக்கக் கத்தியது. கோடரி, நாய், பெண்குரல், கோடரி. அவள் குரல் அவற்றில் ஒன்றாகிக் கரைந்தது.

விளக்குச் சுவிட்சுகள் ஒவ்வொன்றாக அணையும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மேடம் வண்டி வெளியிலதானே நிக்குது..." காவலாளி தனக்குத்தானே பேசினார். "போனும் இங்க கிடக்கு." குரல் மாறியது. "மேடம்? மேடம், உள்ள இருக்கீங்களா?"

பறவை சட்டென்று வாயை மூடியது.

"இருக்கேன்!" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இருக்கேன் அண்ணா! கைப்பிடி உடைஞ்சு போச்சு!"

"அடக் கடவுளே! இருங்க இருங்க, இதோ வரேன்." வேகமான நடை. வெளிக்கதவு திறக்கும் மெல்லிய உறிஞ்சல். அவள் உள்கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு கை கதவில் பட்டது. அவள் எலும்பில் அதை உணர்ந்தாள்.

"அண்ணா."

அந்த அழைப்பு கதவின் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்தது. வெளி அறையிலிருந்து.

அவளுடைய குரல். கரகரப்பு இல்லாத, காலையில் எழுந்து குளித்துவிட்டு வந்ததுபோன்ற, அவளுடைய சொந்தக் குரல்.

"என்ன அண்ணா பண்றீங்க? நான் மாடியிலதானே இருந்தேன்."

கதவில் இருந்த கை விலகியது.

"மேடம்! அய்யோ, நீங்க இங்கயா இருக்கீங்க? உள்ள நீங்க மாட்டிக்கிட்டீங்கன்னு... என் பேச்சுக்குப் பதில் சொல்லுச்சு மேடம்!"

"பறவைதான் அண்ணா. யார் என்ன பேசினாலும் பதில் சொல்ற மாதிரி கத்தும். மூடிடுங்க, சத்தம் வெளிய வரும்."

"இல்ல!" அவள் கத்தினாள். குரல் எழவில்லை. காற்றுதான் வந்தது. கதவை உதைத்தாள். தலையால் முட்டினாள். வெளிக்கதவு உறிஞ்சிக்கொண்டு மூடியது.

திரும்பிப் பார்த்தாள். பறவைதான். வேறு எதுவாக இருக்க முடியும்? பறவைதான் இரண்டு பேராகவும் பேசுகிறது. காவலாளி வரவே இல்லை. எல்லாம் இதன் தொண்டையில்.

பறவை கம்பியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அலகு மூடியிருந்தது. கழுத்தில் துடிப்பு இல்லை. தலையை ஒருபுறம் சாய்த்து, ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

ஒரே மணியில் யாரோ எடுத்தார்கள்.

"குட்டி. அழாதடா. அம்மா இதோ வந்துட்டேன். வாசல்லயே நில்லு, எங்கயும் போகாத."

"பாப்பாவா மேடம்?" என்றார் காவலாளி.

"ஆமா அண்ணா. பாவம், ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டு இருக்கா."

"பார்த்துப் போங்க மேடம். இங்க நான் பூட்டிக்கறேன்."

சாவி. நடை. வெளி அறை ஜன்னல் வழியாக வண்டி உறுமும் சத்தம். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. அவளுக்கு ஒருநாளும் அப்படிக் கிளம்பியதில்லை.

விளக்கு அணைந்தது.

இருட்டு. வாடை. ரத்தம் ஓடும் சத்தம். அவள் கதவின் அடியில் சரிந்து உட்கார்ந்தாள். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

மேலே சிறகு உதறும் ஓசை. பிறகு பறவை, புதிதாகக் கிடைத்ததை மெதுவாக, தட்டுத் தடுமாறி, சொல்லிப் பார்க்கத் தொடங்கியது.

"குட்டி."

கொஞ்சம் பிசகியது. மறுபடி.

"குட்டி. அம்மா இதோ வந்துட்டேன்."

இப்போது சரியாக வந்தது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சின்ன ஸ்பீக்கரின் இரைச்சலில் அவள் காது தவறவிட்டதையும் பறவை தவறவிட்டிருக்கவில்லை. மனிதர் பேசினால் ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு இருக்கும். இதில் மூச்சு இல்லை. மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருந்தது. ஈரமான ஏதோ, ஒன்றல்ல, நிறைய, மெல்லப் பிரிந்து, மெல்ல ஒட்டிக்கொள்ளும் சத்தம்.

"குட்டி."

பிரிந்தது. ஒட்டியது.

"அம்மா இதோ வந்துட்டேன்."