முதல் வரிக்குக் கீழே

கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்தாள். நெற்றியில் மழைத்துளி, கண்களில் கோபம்...

"புகாரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறது நீங்கதானே?"

கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். வந்தவள் அதே பெண்கள் உதவி மையத்தில் தொலைபேசி அழைப்புகளைக் கேட்டு எழுதுகிறவள். அலுவலகமே 'மிளகாய்' என்று கூப்பிடும். இவ்வளவு பெரிய கண்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே...

ஒரு பெண் தொலைபேசியில் அழுது சொன்ன புகார். அவள் எழுதியது ஒரு பக்கம். தரவுத்தளத்தில் இருந்ததோ முதல் வரி மட்டும்: 'என் கணவர் நல்லவர்தான்.' குடித்தால் அடிப்பார் என்பது அடுத்த வரி. புகாரே இல்லையென்று கோப்பை மூடிவிட்டார்கள்.

அவன் முகம் வெளுத்தது. ஒரு வரி முடிந்ததுமே புகாரும் முடிந்தது என்று அவனுடைய நிரல் நினைத்துவிட்டது. தப்பு தன்னுடையதுதான் என்றான். சண்டைக்குத் தயாராக வந்தவள் சற்றுத் தடுமாறினாள்.

இருவரும் மேலாளரிடம் போனார்கள். அவர் அவனுடைய சொந்தத் தாய்மாமா. வேலை வாங்கித் தந்தவரும் அவரே. நிரலில் கை வைக்காதே, இந்தப் பெண்ணை எல்லாவற்றையும் ஒரே வரியாக எழுதச் சொல் என்றார்.

"முடியாது," என்றாள் அவள். "அவங்க தொண்டை அடைச்சு நிறுத்துன இடத்துலதான் நானும் வரியை நிறுத்தினேன். சேர்த்து எழுத மாட்டேன்."

அவன் இருக்கைக்குத் திரும்பினான். வாக்குமூலத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து, அதை அப்படியே முழுசாக எடுத்துக்கொள்ளும்படி தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதினான். நாற்காலிக்குப் பின்னால் அவள்... ஈரக் கூந்தலின் வாசனை... இரண்டு முறை தப்பாகத் தட்டினான்.

"ஏன், தப்புத் தப்பா வருது?"

"குளிருது."

"ஃபேன்கூட ஓடலையே..."

அடுத்த முறை ஒரு வரி குறையாமல் எல்லாம் ஏறியது. புகார் சொன்ன பெண்ணின் வழக்கு அன்றே மறுபடி திறக்கப்பட்டது. 'மிளகாய்' சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே மழை வலுத்திருந்தது.

விஷயம் தெரிந்து மாமா வந்து நின்றார்.

"இந்தப் பொண்ணுக்காகவா என் பேச்சை மீறுன?"

இல்லையென்று சொல்லிவிடுவான் என நினைத்தாள். நினைத்ததுமே நெஞ்சு வலித்தது. அவன் எழுந்தான்.

"சரின்னு பட்டுச்சு, செஞ்சேன் மாமா. வேலையை விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க. இவங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, அதுவும் நிஜம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியேறினார்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அதை ஏன் அவர்கிட்ட சொல்றீங்க?" அவள் குரல் தழைந்திருந்தது. "என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவன் காது மடல் சிவக்க, அவளைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கும்தான்," என்றாள்.