தரை நனையவில்லை

இந்தக் காலத்தில் வேலைக்கு ஆளைக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை, கேள்விதான் வருகிறது. "போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறான் குழாய் ரிப்பேர்க்காரன். அடைத்துக்கொண்ட குழாய்க்கு எதற்கடா போட்டோ? அதைக் கல்யாணமா கட்டிக்கொள்ளப் போகிறாய்? போனை வைத்துவிட்டு நானே ரென்ச்சைக் கையில் எடுத்தேன்.

அந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் வந்ததே என் மனைவிக்காக. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்து செய்துதான் உயிர் ஓடியது. ஆஸ்பத்திரி பக்கம் என்று மகன் வாடகைக்குப் பிடித்தான். கனத்த சுவர்கள். படுக்கையறையை ஒட்டிக் குளியலறை, அதில் உயரத்தில் வலை அடித்த ஒரு ஜன்னல். வந்த அன்றே ஒன்றைக் கவனித்தேன். வாஷ்பேசின் குழாயில் திருகும் பிடி இல்லை. உடையவும் இல்லை, யாரோ ஒழுங்காகக் கழற்றி எடுத்திருந்தார்கள்.

"முன்னாடி இருந்தவங்க பிடியைக்கூட விடலை பாரு" என்றேன்.

"புதுசு மாட்டிக்கலாம்பா. இதுக்கெல்லாம் துப்பறிய ஆரம்பிச்சிடாதீங்க" என்றான் மகன்.

மாட்டினோம். கொஞ்ச நாளில் நானே அதைக் கழற்றினேன்.

காரணம் தண்ணீர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவளுக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தார். மீறினால் நுரையீரலில் போய்த் தேங்கும், மூச்சு நின்றுவிடும். சின்ன டம்ளர் ஒன்றை வைத்துக்கொண்டு நான்தான் அளந்து கொடுப்பேன். அப்படியும் ஆஸ்பத்திரியில் நிறுக்கும்போதெல்லாம் எடை ஏறியிருந்தது. காலை அமுக்கினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

"யார் பெரியவரே இவங்களுக்குத் தண்ணி குடுக்கிறது? இப்படியே போனா நாங்க பொறுப்பில்லை" என்று நர்ஸ் சத்தம் போட்டாள்.

நானும் அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். முதல் சந்தேகம் மனைவி மேலேயே. பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முகம் கழுவ வேண்டியவர்கள் என்னைக் கேட்டு வாங்கட்டும். எடை இறங்கவில்லை. அடுத்த சந்தேகம் மருமகள். எப்போதும் தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு பாட்டில்.

"செக்போஸ்ட் மாதிரி வாசல்லயே உட்கார்ந்திருக்கீங்களே மாமா. என் பையை வேணா சோதிச்சுக்குங்க" என்றாள், சிரித்தபடி. சிரிக்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஒரு மத்தியானம் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, நான் நர்ஸ்கிட்ட சொல்லலை."

"எதை?"

"நான் கண்ணை மூடினதும் நீங்கதானே வாயில ஊத்துறீங்க?" குரல் கிசுகிசுவென்று வந்தது. "உங்க கை ஏங்க அவ்வளவு ஜில்லுனு இருக்கு?"

"நானா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அந்தக் கோபத்தோடுதான் ரென்ச்சும் கையுமாக, அடைத்துக்கொண்ட பேசினுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். கீழே பக்கெட்டை வைத்து, வளைந்த குழாயின் நட்டுகளைத் தளர்த்தினேன். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றம் மேலே ஏறாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. மேலே குழாயை மூடினாலும், பிடியையே பிடுங்கினாலும், அந்தத் தண்ணீர் அங்கேதான் இருக்கும்.

வளைவு கையோடு வந்தது. பக்கெட்டில் இரண்டு டம்ளர் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். அழுகல் நாற்றத்தோடு மருந்து நெடியும் அடித்தது. பேசின் ஓட்டையிலிருந்து ஏதோ தொங்கியது. முடி என்று நினைத்தேன்.

துணி.

நீளமாகக் கிழித்த மெல்லிய துணி. மேல் முனையை ஓட்டையின் குறுக்குக் கம்பியில் முடிந்திருந்தார்கள். கீழ் முனை அத்தனை நாளும் வளைவுத் தண்ணீரில் ஊறிக் கிடந்திருக்கிறது. அது தவறி விழுந்த துணி இல்லை, இறக்கிவிட்ட துணி. முடிச்சை அவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஊறிய முனை மென்று மென்று நூல் நூலாகியிருந்தது.

முன்னால் இருந்தவர்கள் அந்தப் பிடியை யாருக்குப் பயந்து கழற்றினார்கள்?

எலி கடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு துணியை மூலையில் எறிந்தேன். பக்கெட்டைத் தூக்கினேன். பழக்க தோஷம், அதை அப்படியே பேசினுக்குள் கவிழ்த்துவிட்டேன். அடியில் குழாய் இல்லை என்பது கவிழ்த்த பிறகுதான் உறைத்தது. போச்சு, அவ்வளவும் காலில்தான் என்று பின்னால் துள்ளினேன்.

சத்தமே இல்லை.

தண்ணீர் சுழன்று ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. தரை காய்ந்த தரையாகவே இருந்தது.

மடக்.

மடக்... மடக்.

யாரோ அவசர அவசரமாக விழுங்கும் சத்தம். அது குழாயிலிருந்து வரவில்லை. படுக்கையறையிலிருந்து வந்தது.

ஓடினேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஆனால் தலை தலையணையில் இல்லை. நோயாளிக்கு மருந்து புகட்டும்போது பின்னந்தலையைத் தாங்கிப் பிடிப்போமே, அப்படி உயர்ந்து நின்றது.

தாங்குகிற கையைக் காணோம்.

கடைவாயில் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. தலை மெதுவாக, மிக மெதுவாகத் தலையணையில் இறங்கியது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க... இது ஏன் இப்படி நாறுது? நல்ல தண்ணியா ஊத்துங்களேன்."

மூச்சு விசில் அடித்தது. மகனுக்குப் போன் போட்டேன். இருவரும் காரோடு வந்து அவளைத் தூக்கிப்போய்ப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். மருந்துப் பையை எடுக்க நான் மட்டும் உள்ளே திரும்பினேன்.

எல்லாரும் வெளியே. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. தண்ணீர் விஷயத்தில் விளையாடுகிறவன் எவனானாலும் இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். பிடியை மாட்டிக் குழாயைத் திறந்து, அவளுடைய அளவு டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பினேன். பேசின் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றேன்.

டங்.

திறந்தேன். டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. பேசினிலும் தரையிலும் நான் திறந்த குழாயின் ஈரம் தவிர ஒரு சொட்டு புதிதாக இல்லை. பூனை என்று நினைத்தேன். ஜன்னல் வலை கிழியாமல் இருந்தது.

பிடியை மறக்காமல் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மருந்துப் பையோடு காருக்குப் போனேன். மருமகள் மடியில் தலை வைத்திருந்த என் மனைவி உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

"இது நல்ல தண்ணி" என்றாள். அடுத்த மூச்சை இழுக்க முடியாமல் திணறினாள்.

"நீதானே குடுத்தே?" என்றேன் மருமகளிடம்.

"மாமா! ரெண்டு கையாலயும் அத்தையைப் பிடிச்சிட்டு இருக்கேன். எதால குடுப்பேன்?"

"பையைக் காட்டு."

காட்டினாள். சீப்பு, சாவி, கைக்குட்டை. பாட்டில் இல்லை.

"அப்பா, விளையாடுற நேரமா இது?" என்று கத்திவிட்டு மகன் வண்டியைக் கிளப்பினான். நான் ஏறும்வரைகூட நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி பக்கம்தான். தெருவின் இரண்டு ஓரமும் பார்த்துக்கொண்டே நடந்தேன். மருமகள் வீசிய பாட்டில் எங்கேயாவது கிடக்கத்தானே வேண்டும்.