மணிக்கட்டில் ஒரு பொய்!

"ஐயோ... என்னங்க!"

புஷ்பமேரி போட்ட அலறலில் சிறுமலையே ஒரு கணம் மூச்சை நிறுத்தியது!

வாழைகளுக்கு நடுவே அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் காய்ந்த ரத்தம். பக்கத்தில் கடப்பாரை.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ரோட்டில் நின்ற வாடகைக் கார் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டார்.

கீழ்த்தோட்டத்திலிருந்து ஓடி வந்தான் வேலுமணி. இருபது வருடமாக அந்தத் தோட்டத்தில் வாழைத்தார் சுமக்கிறவன். தோள் தேய்ந்த மனிதன்.

"அம்மா... ஐயாவுக்கு என்னாச்சும்மா?"

அவள் கடப்பாரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"வேலு... இது உன் கடப்பாரைதானப்பா?"

அவ்வளவுதான். இருட்டுவதற்குள் வேலுமணி ஸ்டேஷனில் இருந்தான்!

*

"சொல்லு. மலைக்கு எப்பப் போன?"

இன்ஸ்பெக்டர் தீபா கேட்டாள்.

"பதினொரு மணி இருக்கும் மேடம். கீழ்த்தோட்டத்துல தார் வெட்டணும்னு ஐயா சொன்னாருன்னு அம்மா போன் பண்ணாக. வெட்டிக்கிட்டு இருந்தேன். மேல போகவே இல்ல."

"அப்ப மேல இருந்தவர யாரு அடிச்சா? வாழை மரமா?"

வேலுமணி தலையைத் தொங்கப்போட்டான்.

ஏட்டு பெருமாள்சாமி ஒரு செல்போனை நீட்டினார்.

"அந்தம்மா போனு மேடம். புருஷனுக்குப் போன வருஷம் ஹார்ட் அட்டாக். அதுலேர்ந்து கையில நாடி பாக்குற வாட்ச்சக் கட்டிவிட்டிருக்கு. அவரு எங்க இருந்தாலும் துடிப்பு இதுல வந்துரும்."

தீபா பார்த்தாள். காலையிலிருந்து எழுபது... எழுபத்திரண்டு... எழுபத்தொன்று... பன்னிரண்டரைக்குக் கோடு அறுந்துவிட்டது!

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வெயில்ல கெடந்த உடம்பு, நேரத்த அடிச்சுச் சொல்ல முடியாதுங்கிறாரு. ஆனா வாட்ச் அடிச்சுச் சொல்லுதே! பன்னெண்டரை வரைக்கும் உயிரோட இருந்திருக்காரு. அப்ப தோட்டத்துல இவன் ஒருத்தன்தான்."

"அந்தம்மா?"

"திண்டுக்கல்ல சர்ச் கல்யாணம். பந்தியில பக்கத்துல இருந்தவுகளுக்கெல்லாம் போனைக் காட்டிருக்கு. 'பாருங்க, எங்க வீட்டுக்காரரு நெஞ்சு என் கையில இருக்கு'ன்னு. துடிப்பு நின்னதும் ஸ்கூட்டரை அங்கயே போட்டுட்டுப் பதறியடிச்சுக் கார் புடிச்சிருக்கு."

தீபா சவக்கிடங்கிலிருந்து வந்த கவரைப் பிரித்தாள். வாட்ச்.

திருப்பினாள். பட்டையின் உள்பக்கம் விரலில் பசைபோல ஒட்டியது!

*

புஷ்பமேரி டிபன் டப்பாவோடு வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய சந்தன நிறச் சுங்குடிச் சேலையை இன்னும் மாற்றவில்லை.

"மேடம்... அவனுக்குச் சாப்பாடு குடுக்கலாமா? என்ன இருந்தாலும் எங்க வீட்டுல வளந்தவன்."

"குடுங்க."

அவள் வேலுமணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடு அப்பு."

"அம்மா... நான் செய்யலம்மா. ஐயா மேல சத்தியமா!"

"எனக்குத் தெரியாதா? ஆனா வாட்ச் சொல்லுதே. கோர்ட்டு உன்னைய நம்புமா, அத நம்புமா?" குரலைத் தணித்தாள். "ஏதோ கோவத்துல அடிச்சிட்டேன்னு ஒத்துக்க. குறைச்சுக் குடுப்பாக. உன் மகள நான் படிக்க வைக்கிறேன். நான் சொன்னா கேப்பேல்ல?"

இருபது வருடமாக அவள் சொன்னதையெல்லாம் கேட்டவன்!

ஒரு வாய் சோற்றை விழுங்கினான். கண்ணைத் துடைத்தான்.

"மேடம்... எங்க கையெழுத்துப் போடணும்?"

தீபா அவனைப் பார்க்கவில்லை. புஷ்பமேரியின் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோட்டத்துல தார், மரம் எதையாச்சும் தொட்டீங்களாம்மா?"

"இல்ல மேடம். அவரு கையத்தான் தொட்டேன். நாடி பாத்தேன்..."

"வத்தலக்குண்டுல எங்கப்பாவுக்கு வாழைக்காய் மண்டி. சட்டையில வாழைப்பால் பட்டா அப்ப தண்ணி மாதிரிதான் இருக்கும். செத்த நேரம் போனாத்தான் கருக்கும். எங்கம்மா தினம் திட்டும்."

புஷ்பமேரி குனிந்து பார்த்தாள்.

முந்தானை ஓரத்தில் திட்டுத் திட்டாகக் கறை! மதியம் இல்லாத கறை!

"ஏட்டய்யா! உங்க பையில பழம் வச்சிருப்பீங்களே, ஒண்ணு எடுங்க."

"நைட்டு டூட்டிக்கு வச்சிருக்கேன் மேடம்..."

"எடுங்கய்யா!"

தீபா வாட்ச்சின் அடியிலிருந்த கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தாள். சிறுமலைப் பழத்தில் வாட்ச்சைக் கட்டினாள்.

"உங்க வீட்டுக்காரரு தாட்டியான ஆளு. முதல் ஓட்டையில மாட்டுறவரு. ஆனா கடைசி ஓட்டையிலதான் பால் அப்பியிருக்கு. அம்புட்டு ஒல்லியா அந்தத் தோட்டத்துல யாரும்மா இருக்கா?"

பச்சை விளக்கு மினுங்கியது. எண்கள் ஓடின. நின்றன.

எழுபத்திரண்டு!

"மேடம்... பழத்துக்கு நாடி துடிக்குது!" பெருமாள்சாமி அலறினார்.

"துடிக்கல. வெளிச்சம் பட்டுத் திரும்புறத வச்சு ஏதோ ஒரு நம்பரைச் சொல்லுது. காலையிலயே ஸ்கூட்டர்ல அவரு பின்னாலயே போய் அடிச்சாச்சு. வாட்ச்சத் தார்ல ஒரு காயில கட்டியாச்சு. இறங்கிக் கல்யாணத்துக்கும் போயாச்சு. காயில நகம் பட்டுப் பால் கசிஞ்சு கண்ணாடிய மூடுனப்பதான் துடிப்பு நின்னுச்சு. அப்புறம் மேல போய், முந்தானையில தொடச்சு, பொணத்துக் கையில மாட்டியாச்சு. அடிவாரச் செக்போஸ்ட் கேமராவப் பாக்கட்டுமா... இல்ல, நீங்களே சொல்றீங்களா?"

அவள் பழத்தில் மினுங்கிய விளக்கையே பார்த்தாள்.

"அவருதான் காட்டுனாரு," என்றாள் புஷ்பமேரி. "விளையாட்டா பழத்துல கட்டி, 'பாருடி, இதுக்கும் உயிர் இருக்கு'ன்னாரு. ரெண்டு பேரும் அம்புட்டுச் சிரிச்சோம்."

"எதுக்கும்மா செஞ்சீங்க?"

அவள் விரல் வேலுமணியை நோக்கி நீண்டது.

"மேல்தோட்டம் ரெண்டு ஏக்கரை இவன் பேருக்கு எழுதப்போறேன்னாரு! இருபது வருஷம் சுமந்தானாம்! அதான்... அவரையும் இவனையும் ஒரே நாள்ல..."

வேலுமணிக்கு அது தெரியாது. அவர் சொல்லவேயில்லை.

டிபன் டப்பாவை மெல்ல மூடினான்.

"கையெழுத்துப் போட இருந்தேனேம்மா..." என்றான். "நீங்க சொன்னீகன்னு."

ஒரு பெண் போலீஸ் வந்து புஷ்பமேரியை எழுப்பி நிறுத்தினாள்.

தீபா தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஏட்டு பழத்திலிருந்து வாட்ச்சைக் கழற்றிவிட்டுத் தோலில் நகத்தை வைத்திருந்தார்.

"யோவ் பெருமாள்சாமி! உரிச்சிராதீங்கய்யா! இந்தக் கேசுல பொய்யச் சொல்லிட்டு அதை ஒத்துக்கிட்ட ஒரே சாட்சி அதுதான்!"