திரும்பாத சிவப்பு

தேவநாயகத்தின் விரல்கள் பத்தும் மத்தியானத்திலிருந்து செத்துக் கிடந்தன. ஹீட்டரில் வைத்துப் பார்த்தான், சுடுநீரில் அமிழ்த்திப் பார்த்தான், மெழுகுதிரிபோல வெளுத்த நுனிகளில் மட்டும் உயிர் வரவேயில்லை.

எண்பத்தாறாம் ஆண்டின் மாசி மாதம். வைலே என்ற அந்நியக் குளிர் ஊரில் மீன் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கி இரண்டாவது பனிக்காலம். குளிரில் விரல்களின் சிறிய இரத்தக்குழாய்கள் இறுகி மூடிக்கொள்ளும், இரத்தம் நெஞ்சைக் காக்கப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயமும் வெட்கமும்கூட அவற்றை மூடுமாம். அவன் நகத்தை அழுத்தி விட்டு, சிவப்பு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அது லேசில் திரும்பவில்லை.

வெட்கத்துக்குக் குறைவில்லை. ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் நோயாளிகளின் தலையில் கை வைப்பவன் அவன்தான். தேவநாயகத்தின் கை சுடும், சுகம் வரும் என்று ஊரெல்லாம் பேர். அந்தச் சூடு போய் மாதங்களாகியும் அவன் வாய் திறக்கவில்லை. கூட்டத்துக்கு முன் குளியலறையில் ஒளித்து நின்று, குழாயின் சுடுநீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டு வருவான். கேவலம்தான். ஆனாலும் பேரை விட மனம் வரவில்லை.

இன்று கூட்டத்துக்கு வந்திருந்த விக்ரோரியா தன் ஆறு வயது மகளை மடியில் வைத்திருந்தாள். மூன்றாம் நாளாகக் காய்ச்சல்.

"டொக்டரிட்டைக் காட்டேல்லை அண்ணை. உங்கட கைதான் வேணும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூனிக் குறுகியபடி வலக்கையை நீட்டினான்.

ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை, ஜன்னலில் உரசும் காற்று, கண்மூடியவர்களின் முணுமுணுப்பு. சிறுமியின் நெற்றி கொதித்தது. அந்தக் கொதிப்பு மெல்ல அவன் பெருவிரலுக்குள் ஏறியது. பிறகு அடுத்த விரலுக்குள். எத்தனை நாளுக்குப் பிறகு! சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்கு அவன் வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் அழுத்தினான்.

கையை எடுத்தான். நுனிகள் சிவந்திருந்தன.

சிறுமியின் மாநிற நெற்றியில் ஐந்து வெள்ளைத் தடங்கள்.

சிவப்பு திரும்பும் என்று காத்திருந்தான். திரும்பவில்லை. வெளுப்பு புருவத்துக்கு இறங்கியது. உதட்டுக்கு.

விக்ரோரியா கண் திறந்து மகளின் கன்னத்தைத் தொட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

"காய்ச்சல் விட்டிட்டுது அண்ணை. நல்லாக் குளிர்ந்திட்டுது. மற்றக் கையையும் வையுங்கோ."

சிறுமி அவனையே பார்த்தாள். தன் சூடு எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சொல்லிவிடு, என்றது மனம்.

இடக்கை இன்னும் வெளுத்தே இருந்தது. அது நீண்டது. ஐந்து வெள்ளைத் தடங்களுக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து விரல்கள் இறங்கின.